நகரபிதாவும் ஒன்பது வியாழக்கிழமைகளும்

ஜெர்மனியில் எங்கள் எசன் நகரத் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டுமாம். சங்கத் தலைவர் மகாலிங்கம் அண்ணை மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். "முதியோர் இல்லத்திலை இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தனீர், எழுத ஒண்டும் இல்லையெண்டு சொல்லாதையும்" என்றார். எழுத இருக்கிறது அண்ணை. ஆனால் அதில் நீங்களும் வருவீர்கள், நீங்கள் கொண்டுவந்த பொன்னாடையும் வரும். வெட்டாமல் போடுவதென்றால் எழுதுகிறேன்.

போன வருடம், நான் வேலையை விடுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, இல்லத்தில் இருந்த காகிதப் படிவங்களை எல்லாம் பெட்டியில் கட்டிவிட்டு எங்கள் கையில் தட்டுக் கணினிகளைத் தந்தார்கள். புதிதாக வந்து சேரும் முதியவரின் வாழ்க்கைக் குறிப்பை அதில் எட்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். தொழில் என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும், ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஒருநாள் மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தேன். நகரபிதா என்று ஒன்று அதில் இல்லை. அப்போதுதான் தொன் அன்செல்மோ ஞாபகத்துக்கு வந்தார். அவர் ஞாபகத்துக்கு வராத நாள் குறைவு என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

நான் மன்னாரில் இருந்து எண்பதுகளில் அகதியாக வந்தவன். உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு இதே இல்லத்தில் தரை துடைத்தேன். தரை துடைக்கும்போது கிழவர்கள் என்னோடு கதைப்பார்கள். அதைப் பார்த்த ஒருவர் படிக்கச் சொன்னார். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முதியோர் பராமரிப்புக்கு மூன்று வருட அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி. ஜெர்மன் சொற்களை மனப்பாடம் செய்தே பாஸ் பண்ணினேன். அந்தக் கதை எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான், நீட்டவேண்டியதில்லை.

நான் உண்மையில் வேலை படித்தது எங்கள் பகுதிப் பொறுப்பாளர் லின்ட்னர் அம்மாவிடம். சத்தம் போட்டுப் பேசமாட்டார். கையில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில். வேலை முடிந்து நாங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளை ஒவ்வொரு வரியாக வாசிப்பார். பிடிக்காத சொல்லைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு, தாளை மேசையில் எங்கள் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருப்பார். ஒருமுறை நான், இன்று சந்தோஷமாகச் சாப்பிட்டார் என்று எழுதியிருந்தேன். சந்தோஷத்தைச் சுற்றி வட்டம். "அன்ரன், சந்தோஷத்தை எங்கை பார்த்தனீங்கள்? எத்தினை கரண்டி சாப்பிட்டவர்?" பதினொரு கரண்டி என்று எழுதிக் கொடுத்தேன். கண்டதை எழுது, கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. இருபத்தொன்பது வருடத்தில் அவர் சொல்லித் தந்தது இவ்வளவுதான். இதையும் நான் ஒருமுறை மீறினேன், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தொன் அன்செல்மோவை அவருடைய மகள் பிலார் கொண்டுவந்து விட்டபோது அவருக்கு எண்பத்தெட்டு வயது. இருவர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஸ்பெயின்காரர், தொன் என்பது அங்கே பெயருக்கு முன்னால் மரியாதைக்கு வைப்பது. மறதி நோய். ஜெர்மன் மொழி சுத்தமாகத் தெரியாது. பிலார் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை, எசனில் நாற்பது வருடமாக இருப்பவர். வாழ்க்கைக் குறிப்புப் படிவத்தைக் கொடுத்தால் பிறந்த இடத்தையும் தேதியையும் எழுதிவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று போய்விட்டார். வேலையால் வரும் வழியில் அரை மணித்தியாலம் இருப்பார், தகப்பனின் கோட்டைச் சரிசெய்வார், போவார்.

ஆகவே படிவத்தை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. நான் கண்டதைச் சொல்கிறேன். அவர் கடதாசித் துண்டுகளை நாலாக மடித்து மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்தார். விடியற்காலையில் கதவைத் தட்டினால் கை நடுங்கியது. அம்புலன்ஸ்காரர் சீருடையோடு நடைபாதையில் வந்தால் எழுந்து நேராக நின்றார். வெளியே கார் கதவு அடித்துச் சாத்தினால் யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

இதைப் பார்த்து நான் என்ன நினைப்பேன்? எனக்குத் தெரிந்த ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே நின்றார்கள், நானும் அப்படித்தானே நின்றேன். படிவத்தில் ஆறாவது பகுதி, பயங்களும் கடந்த கால இழப்புகளும். அங்கே நல்ல கையெழுத்தில் எழுதினேன்: தன் நாட்டின் சர்வாதிகார ஆட்சியில் அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்பட்டவர். லின்ட்னர் அம்மா அந்த இரண்டு கிழமை விடுமுறையில் நின்றார். வட்டம் போட ஆள் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் அவருக்குத் தனி மரியாதை. கதவை மெல்லத் தட்டினோம். அம்புலன்ஸ்காரரை மற்ற வழியால் போகச் சொன்னோம். பேச ஆள் இல்லாமல் தவிக்கிறாரே என்று, ஸ்பானிய மொழி தெரிந்த யாராவது வாரம் ஒருநாள் வந்து இருக்கமுடியுமா என்று எங்கள் பங்குக் கோவிலில் கேட்டேன். மகாலிங்கம் அண்ணையிடமும் பெருமையாகச் சொன்னேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் சங்கத்து ஆட்கள் வருடா வருடம் இல்லத்துக்கு வந்து பாட்டுப் பாடி, கட்லெட்டும் ரோல்ஸும் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் அண்ணை ஒரு பொன்னாடையும் கொண்டுவந்தார். தங்கச் சரிகை போட்ட மஞ்சள் பொன்னாடை. சாப்பாட்டு மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, கொடுங்கோலுக்குத் தலை வணங்காத ஒரு மனிதரை அகதிகளாகிய நாங்கள் கௌரவிக்கிறோம் என்று முதலில் தமிழிலும் பிறகு ஜெர்மனிலும் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பிறகு தொன் அன்செல்மோவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். கிழவர் எழுந்தார். பொன்னாடையை ஒரு பக்கம் இழுத்துச் சரிசெய்து, ஒலிவாங்கியை அண்ணையின் கையில் இருந்து தானாகவே வாங்கிக்கொண்டார். நாலைந்து நிமிடம் பேசினார். இதற்கு முன் அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை. இடையிடையே நிறுத்தினார், நாங்கள் கை தட்டுவதற்காக. முடிவில் வலது கையை முன்னால் நீட்டி உயர்த்தினார்.

ஜெர்மனியில் அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அண்ணை கட்லெட் தட்டோடு நின்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வயதான அம்மா நின்றா. பங்குக் கோவில் அனுப்பிய றமோனா. எண்பது வயது, குள்ளமான ஆள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே வந்து கிழவருக்கு முன்னால் இரண்டு கையையும் வயிற்றடியில் கோத்துக்கொண்டு நின்றா. "செஞ்ஞோர் அல்கால்தே" என்றா. நகரபிதா ஐயா என்று அர்த்தம். கிழவர் மகிழ்ந்து போனார். யாருடைய மகள் என்று கேட்டார், திங்கட்கிழமை கந்தோருக்கு வா, கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்றார். இதெல்லாம் றமோனா பிறகு எனக்கு ஜெர்மனில் சொன்னது. அவ அடுத்து ஒரு கேள்வி கேட்டா. கிழவரின் முகம் இறுகியது. கத்தத் தொடங்கினார், காவலரைக் கூப்பிட்டார், மேசையில் அடித்தார். நானும் இன்னொருவரும் அவரைத் தாங்கி அறைக்குக் கொண்டுபோனோம். பொன்னாடையை மட்டும் விடவில்லை.

திரும்பி வந்தபோது றமோனா என்னைக் கேட்டா: "உந்த மனுசனுக்கு ஏன் உதைப் போர்த்தினனீங்கள்?"

அன்றைக்கு வீட்டில் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சொன்னா: "வெளிநாட்டுக்காரர் ஆரும் பயந்தால் உங்களுக்கு உடனை அகதிதான். பயப்பிடுத்தினவனுக்கும் பயம் வரும் எண்டு தெரியாதே?" எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து வந்த லின்ட்னர் அம்மா படிவத்தை என் முன்னால் வைத்தார். இந்த முறை ஒரு சொல்லுக்கு அல்ல, முழு வசனத்துக்கும் வட்டம். யார் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். கடதாசியை மடித்தார், கை நடுங்கியது, எழுந்து நின்றார் என்றேன். அதை எழுதுங்கள் என்றார். அங்கேயே, அவர் பார்த்திருக்க எழுதினேன். பிறகு நாளும் நேரமும் குறித்து, பிலாருக்கு ஒரு தேர்மின் போட்டு வரவழைத்தார். பிலார் அன்று தகப்பனின் வாழ்க்கையைத் தலை குனிந்தபடி சொன்னா.

தொன் அன்செல்மோவின் தகப்பன் ஒரு சின்னப் பட்டினத்து நகரசபையில் கணக்கப்பிள்ளை. மகன் இளவயதில் ஆளும் கட்சியின் நீலச் சட்டை போட்டு, அதே நகரசபையில் நகல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாட்டில் அப்போது ஒரு தலைவன், ஒரு கட்சி. நகரபிதாவை மக்கள் தெரிவு செய்வதில்லை. மாகாண ஆளுநர் ஒரு கடிதம் அனுப்புவார். அவருக்கு முப்பத்திரண்டு வயதில் அந்தக் கடிதம் வந்தது. வேலை செய்தார் என்றுதான் மகள் சொன்னா. மலையில் இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார், கல்லறைக்குப் போகும் வீதியை அகலமாக்கினார், பெண்கள் உடுப்புத் தோய்க்கக் கூரை போட்ட பொதுத் தொட்டி கட்டினார். அந்தத் தொட்டியில் அவர் பெயர் பொறித்த கல் இருந்தது. மண்டபத்தில் அவர் பேசியதும் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். பட்டினத்தை விட்டு ஒருவர் வெளிநாடு போவதென்றால் நன்னடத்தைப் பத்திரம் வேண்டும், அதில் அவர் கையெழுத்து வேண்டும். வாய் காட்டக்கூடியவர்களுக்கு உடனே கையெழுத்து வைத்தாராம், போய்த் தொலையட்டும் என்று. அப்படித்தான் அந்தப் பட்டினத்தில் பாதிப்பேர் எசன் இருக்கும் இந்த றூர் சுரங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். றமோனாவும் அதில் ஒருத்தி.

பிறகு தலைநகரில் பாராளுமன்றம். அங்கே வேலை ஆமோதிப்பது. தலைவன் செத்தபின், அந்தப் பாராளுமன்றத்தையே கலைக்க ஒரு சட்டம் வந்தது. அதையும் ஆமோதித்துவிட்டு ஊருக்கு வந்தார். முதல்முறை மக்கள் வாக்குப் போட்டபோது தானும் நின்று தோற்றார். அதற்குப் பிறகு தேநீர்க் கடையில் அவருடைய மேசைக்கு ஒருவரும் வரவில்லையாம். மகள் அதற்கு முன்பே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனோடு ஜெர்மனிக்கு ஓடிவந்துவிட்டா. பதினாறு வருடம் தகப்பன் அவவோடு பேசவில்லை. மனைவி செத்து, ஞாபகமும் போகத் தொடங்கியபோது, பார்க்க வேறு ஆள் இல்லை.

"அவர் ஒருத்தரையும் சுடேல்லை" என்று பிலார் சொன்னா. அது உண்மை. சுட்டவர்கள் அவர் நகரபிதா ஆவதற்கு இருபத்தைந்து வருடம் முந்தியவர்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கிய முதல் கோடையில், ரயில்பாதையில் வேலை செய்த றமோனாவின் தகப்பனையும் இன்னும் ஆறு பேரையும் சுட்டுக் கல்லறை மதிலுக்கு வெளியே ஒரே குழியில் போட்டார்கள். றமோனா அப்போது தாயின் வயிற்றில். குழி எங்கே என்று ஊருக்குத் தெரியும். தாய் வருடத்தில் ஒருநாள் இருட்டோடு போய்ப் பூ வைப்பா. தொன் அன்செல்மோ வீதியை அகலமாக்கியபோது அந்தக் குழி வீதிக்குள் வந்தது. எலும்புகளை எடுத்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. றமோனா கேட்டது அந்த ஒரு கேள்விதான். என் அப்பாவை எங்கே வைத்தீர்கள்?

கேள்வியால் தகப்பன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததால் பிலார் ஒரு நிபந்தனை போட்டா. அவதான் சட்டப்படி அவருக்குப் பொறுப்பு. றமோனா வரலாம், சீட்டு விளையாடலாம். அந்தக் கேள்வி மட்டும் கூடாது. றமோனா தலையாட்டி ஒப்புக்கொண்டா. பிறகு நடைபாதையில் என்னிடம் சொன்னா: "பக்கத்திலை இருந்தால் ஒருநாள் தானாச் சொல்லுவார். வேறை என்ன வழி எனக்கு?"

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமைகூட அவ வராமல் விட்டதில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு பஸ்ஸால் இறங்கி, தன்னுடைய ஸ்பானியச் சீட்டுக்கட்டோடு வருவா. கிழவர் பொன்னாடையைப் போர்த்தியபடி எதிரே இருப்பார். அவர் அளாப்பி, சீட்டை ஒளித்து விளையாடுவார், அவ கண்டும் காணாத மாதிரித் தோற்பா. வெயில், மழை, தண்ணீர்க் குழாய், இவைதான் பேச்சு. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. தன்னுடைய தகப்பனுக்காக அந்த மனுசனுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு இருந்த பொறுமையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. அவவுக்காக வரும் அலுப்பு.

அவர் சொன்னது என்னிடம். அதுவும் கழுவும்போது.

காலையில் உடம்பு கழுவிவிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் முழங்கையில் சூடு பார்த்து எடுக்கவேண்டும். தொடுவதற்கு முன் எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லவேண்டும். முதலில் முகம், சவர்க்காரம் இல்லாமல். கை என்றால் விரலில் தொடங்கி நெஞ்சுப் பக்கமாக. கழுவாத பாகத்தை எப்போதும் மூடியிருக்கவேண்டும். கடைசியில் கால், பாத்திரத்துக்குள் வைத்து. இதை அவசரப்படாமல் செய்தால் எந்த முரட்டு ஆளும் இளகுவார். தொன் அன்செல்மோ காலைத் தண்ணீருக்குள் வைத்ததும் என்னைத் தன்னுடைய நகரசபைச் செயலாளர் என்று நினைத்துக்கொள்வார். "எஸ்க்ரிபா" என்பார், எழுது என்று. எழுதுவது போலப் பாவனை செய்யாவிட்டால் கோபம் வரும். அதனால் சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தேன். பாவனை எதற்கு என்று, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவேன். அகுவா தண்ணீர், ஃபிரியோ குளிர். இப்படிச் சில சொற்கள் பிடிபட்டன. உவேசோஸ் என்றால் எலும்பு. மே துவேலென் லோஸ் உவேசோஸ், எலும்பெல்லாம் வலிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் சொல்வார்.

ஒரு மாசி மாதக் காலையில் கடிதம் சொல்வதுபோல நீளமாகச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் உவேசோஸ் வந்தது. சிமெந்தெரியோ என்றும் வந்தது. கல்லறை என்று எனக்கு விளங்கியது, கோவில்காரனுக்கு விளங்காதா. அடுத்த நாளும் அதே கடிதம், மூன்றாம் நாளும் அதே, சொல் மாறாமல். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது மாதிரி. மூன்றாம் நாள் நான் எழுதி முடித்து, எழுதியதை அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டினேன். ஓமென்று தலையாட்டினார். கொப்பியை வாங்கி, கீழே ஒரு கையெழுத்தும் வைத்தார்.

லின்ட்னர் அம்மாவிடம் போனேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்குத்தான் முதல்தடவையாக யோசித்தார். கழுவும்போது கேட்டது அவருடைய உடம்பைப் போல, அவருக்குச் சொந்தமானது என்றார். "மகளுக்குச் சொல்லலாம். வேறை ஒருத்தருக்கும் நீங்கள் சொல்லக்கூடாது. சொன்னால் இந்த வேலையிலை உங்களை என்னாலை வைச்சிருக்க ஏலாது." அது பயமுறுத்தல் அல்ல, சட்டம். இரகசியம் காப்போம் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைத்தவர்கள்.

அடுத்த நாள் பிலார் வந்ததும் கைகழுவும் அறைக்குள் வைத்து வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினா. "றமோனா கேட்டதுக்கு மறுமொழி உதுதான்" என்றா. பிறகு, "தயவுசெய்து" என்றா. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டா. அதன் பிறகு அவ வருவது குறைந்தது. வந்தாலும் என்னோடு நின்று கதைக்கவில்லை.

இப்போது அந்த மறுமொழி என் சட்டைப் பையில். எனக்கு அதன் அர்த்தம் முழுக்கத் தெரியாது. மகனின் கைபேசியிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. தெரியாமல் இருந்தால் மறைக்கிறேன் என்று ஆகாது என ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். ஓய்வுக்கு இன்னும் ஐந்தாறு வருடம், வீட்டுக் கடன், மகளின் படிப்பு. வியாழக்கிழமை மூன்று மணிக்கு றமோனா வருவா. நான் கோப்பி கொண்டுபோய் வைப்பேன், பால் விட்டு, சீனி இல்லாமல்.

அப்படி ஒரு வியாழன், நல்ல மழை. கிழவர் கதிரையிலேயே தூங்கிவிட்டார். ஊரில் உமக்கு யார் இருக்கினம் என்று றமோனா கேட்டா. நான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். யூட், பத்தொன்பது வயது, சைக்கிளில் மன்னார் டவுனுக்குப் போனவன். சைக்கிள் மட்டும் ஒரு மதகடியில் சாத்தி வைத்தபடி கிடந்தது. பிடித்துக்கொண்டு போனவர்கள் யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கதை இருக்கிறது. அம்மா அவன் சின்னவயதில் கோவிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படத்தை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தா, எலும்பையாவது தாருங்கோ என்று கேட்டா, அப்படியே செத்துப்போனா. இவ்வளவையும் நான் யாருக்கும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூட. றமோனா சீட்டைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தா. "எங்கையோ ஒருத்தருக்குத் தெரியும், அன்ரோனியோ. எப்பவும் ஒருத்தருக்குத் தெரியும்" என்றா.

நான் ஓமென்றேன்.

சித்திரை முடிவில் தொன் அன்செல்மோவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. நான்கு நாள். ஒரு திங்கள் காலை, நான் வேலையில் நிற்கும்போது போனார். யன்னலைத் திறந்துவிட்டோம். வழக்கம்போலத் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் கழுவினேன், எங்கே தொடுகிறேன் என்று சொல்லிச் சொல்லி. தலையை வாரிவிட்டேன். பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

பிலார் அறையைக் காலி செய்ய வந்தது வியாழக்கிழமை. றமோனாவுக்குச் சாவை யாரும் அறிவிக்கவில்லை. நான்தான் அறிவித்திருக்கவேண்டும். மூன்று மணிக்கு அவ சீட்டுக்கட்டோடு வாசலில் வந்து நின்று, உறை கழற்றிய கட்டிலைப் பார்த்தா. மெல்லக் கதிரையில் இருந்தா. அழவில்லை. எண்பத்திரண்டு வயது மனுசி, கையில் சீட்டுக்கட்டு, கேட்க இனி ஆள் இல்லை.

பிலார் கையில் அந்தப் பொன்னாடை. அதை மடித்தா, விரித்தா, திரும்ப மடித்தா. பிறகு என்னைப் பார்த்து, "கொப்பி கிடக்கே?" என்று கேட்டா. கிடக்கு என்றேன். "வாசியுங்கோ. என்ரை வாயாலை என்னாலை ஏலாது."

நான் நின்றபடியே வாசித்தேன். தமிழ் எழுத்து, ஸ்பானியச் சத்தம், எனக்கு விளங்காத கடிதம். முதல் இரண்டு வரியில் றமோனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது வரியில் நிமிர்ந்தா. "பாஹோ எல் லவாதேரோ" என்று நான் வாசித்தபோது கையை உயர்த்தி, திரும்ப வாசிக்கச் சொன்னா. திரும்ப வாசித்தேன். இன்னொருமுறை என்றா. வாசித்தேன்.

பிலார் எனக்காக ஜெர்மனில் சொன்னா. மேன்மைதங்கிய ஆளுநர் அவர்களுக்கு. கல்லறை வீதியை அகலமாக்கும்போது வெளிப்பட்ட ஏழு பேருடைய எலும்புகள், தாங்கள் பணித்தபடி குடும்பங்களுக்கு அறிவிக்கப்படாமல், புதிய பொதுத் தோய்ப்புத் தொட்டியின் கீழ், வடக்குப் பக்க அத்திவாரத்தில் இடப்பட்டுச் சீமெந்தால் மூடப்பட்டன.

றமோனா தன்னுடைய முழங்காலில் கையை வைத்தா.

"அம்மா வடக்குப் பக்கத்திலைதான் முழங்காலிலை நிண்டு தோய்க்கிறவ" என்றா. "அந்தப் பக்கம் நிழல். பதினொரு வருஷம். நானும் பக்கத்திலை நிண்டனான்."

பிலார் கட்டில் ஓரத்தில் இருந்து, என்னை ஆறுதலாக வாசிக்கச் சொல்லி, என் தமிழ் எழுத்துக்குக் கீழே ஒவ்வொரு வரியாக ஸ்பானிய மொழியில் எழுதினா. தகப்பனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தா. தாளைக் கிழித்து றமோனாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தா. அதை வைத்துத்தான் பிறகு அங்கே தொட்டியைத் தோண்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏழு பேரும் கிடைத்தார்களாம்.

றமோனா தாளை வாங்கி, தமிழ் எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தா. "உது உம்மடை எழுத்தோ?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

"எப்ப எழுதினது?"

"மாசியிலை. ஒன்பது கிழமை."

அவ மனதுக்குள் ஒன்பது வியாழக்கிழமையையும் பின்னோக்கி எண்ணுவது எனக்குத் தெரிந்தது. மழை பெய்த வியாழனில் வந்து நின்றா.

"உம்மடை தம்பியைப் பற்றிச் சொன்னனீரே, அண்டைக்கு இந்தக் கொப்பி எங்கை இருந்தது?"

"சட்டைப் பைக்குள்ளை" என்றேன்.

சட்டப்படி நான் செய்தது சரி என்று லின்ட்னர் அம்மா பிறகு சொன்னார். மனைவியும் சொன்னா, வேறு என்ன செய்திருப்பீர்கள் என்று. அந்த அறையில் றமோனா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினா. சீட்டுக்கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு நடைபாதையால் போய், லிஃப்ட் பொத்தானை அமத்தினா. நான் பின்னாலே போய்ப் பக்கத்தில் நின்றேன். லிஃப்ட் வரச் சுணங்கியது. அது வரும்வரைக்கும் அவ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.